வியட்நாம் குழுச் சுற்றுலாவில் ஊரையும் உணவையும் சேர்த்து அறிவது எப்படி?

ஒரே குடியிருப்பைச் சேர்ந்த ஏறத்தாழ இருபது பேர் எட்டு நாள் குழுச் சுற்றுலாவாக வியட்நாம் செல்லவிருப்பதாகவும், அவர்களில் பாதிப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஹனோய், ஹா லாங் விரிகுடா, டா நாங், ஹோ சி மின் நகரம் என்பது பயணத் திட்டம். காலை உணவு விடுதியிலும், மதிய உணவும் இரவு உணவும் இந்திய உணவகங்களிலும் என்று ஏற்பாட்டாளர் கூறியிருக்கிறார். குழுவில் சிலர் முழுச் சைவம். சிலர் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ தொடாதவர்கள். இந்த ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டே அந்நாட்டு உணவைச் சுவைக்க முடியுமா, எந்த இடங்களைத் தவறவிடக் கூடாது என்பவை உங்கள் கேள்விகள்.

சுவைக்க முடியும். ஆனால் அதை ஹனோயில் இறங்கிய பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் பேசி முடித்துவிட வேண்டும். குழுச் சுற்றுலா நடத்துவோர் இந்திய உணவகங்களை நாடுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. இருபது, நாற்பது பேர் ஒன்றாக அமரும் கூடம், பேருந்தை நிறுத்த இடம், ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்த விலை, முக்கால் மணி நேரத்தில் உண்டு எழும் வசதி, வயதானவர்களுக்குப் பழகிய உணவு ஆகிய அனைத்தும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. அந்த அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தமெல்லாம், கண்ணுக்கு ஓர் ஊர், நாவுக்கு வேறோர் ஊர் என்று பயணம் இரண்டாகப் பிளந்துவிடுவதைப் பற்றியது. வியட்நாமில் இது பெரிய இழப்பு. அந்நாட்டில் ஒரு நகரத்தின் பெயர்பெற்ற உணவு அந்த நகரத்தின் துறைமுகத்தோடும் கிணற்றோடும் ஆட்சி மாற்றங்களோடும் பின்னிப் பிணைந்தது. அடுத்த நகரத்துக்குப் போனால் அதே சுவை கிடைக்காது. ஆகவே மூன்று வேளையையும் மாற்றச் சொல்லாமல், ஒவ்வொரு நகரத்திலும் ஒரே ஒரு வேளையை மட்டும் உங்களுக்கு விட்டுத்தரும்படி கேளுங்கள். அந்த வேளையை அன்று பார்க்கும் இடத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். எட்டு நாளில் மூன்று நான்கு வேளை அப்படிக் கிடைத்தாலே போதும்.

ஹனோயில் அந்த வேளை காலையாக இருக்க வேண்டும். ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே பரந்திருக்கும் பழைய நகரப் பகுதியை 36 தெருக்கள் என்றே அழைக்கிறார்கள். வெள்ளி வேலை செய்தோர் ஒரு தெருவில், காகிதப் பொருள் செய்தோர் இன்னொரு தெருவில் என்று தொழில்வாரியாகக் குடியேறி, தெருக்களுக்குத் தம் பண்டங்களின் பெயரையே விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஹாங் மா தெருவில் முன்னோருக்கு எரித்துப் படைக்கும் காகிதப் பொருள்கள் இன்றும் விற்கப்படுகின்றன. குழுவினரை இங்கே பெரும்பாலும் மாலையில் மின்சார வண்டியில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிடுவார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து நடந்தால் முற்றிலும் வேறொரு நகரத்தைக் காண்பீர்கள். ஏரிக்கரையில் முதியவர்கள் உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். சிவப்பு மரப்பாலத்தைக் கடந்தால் நொக் சன் கோயில். தெருமுனைகளில் ஃபோ கடைகளின் அண்டாக்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கும்.

ஃபோ என்பது அரிசி நூடுல்ஸும் எலும்புச் சாறும் சேர்ந்த காலை உணவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோயிலும் அதன் தெற்கே உள்ள நாம் தின் பகுதியிலும் இது உருப்பெற்றது. பிரெஞ்சுக்காரர்களின் வருகையால் மாட்டிறைச்சிக்குத் தேவை கூடியதும், சீன நூடுல்ஸ் மரபும் இதில் சந்திக்கின்றன. எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, தீயில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும் சேர்த்து, அன்னாசிப் பூ, பட்டை ஆகியவற்றின் மணத்தை இறக்குகிறார்கள். நமக்கு நன்கு பழகிய மசாலாப் பொருள்களே இங்கே எண்ணெயில் தாளிக்கப்படாமல், தெளிந்த நீரில் மணம் மட்டும் தருவதைக் கவனியுங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ‘ஃபோ கா’ என்று கேட்டால் கோழிச் சாற்றில் செய்தது கிடைக்கும். கோழி ஃபோவை மட்டுமே விற்கும் கடையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டும் விற்கும் இடத்தில் கரண்டியும் சாறும் கலந்துவிட வாய்ப்புண்டு. 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே சென்றவர்கள் ஃபோவையும் உடன் கொண்டு சென்றார்கள். இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனில் அதே ஃபோ முளைகட்டிய பயறும் துளசி வகை இலைகளும் இனிப்புச் சாந்தும் சேர்ந்து வேறு வடிவம் எடுத்தது. பயணத்தின் முதல் நாளில் ஹனோயிலும் கடைசி நாளில் தெற்கிலும் ஒரு கிண்ணம் உண்டு பார்ப்பவருக்கு அந்நாட்டு வரலாற்றின் ஒரு பகுதி நாவாலேயே விளங்கும்.

ஹனோயில் எதை விட்டாலும் இலக்கியக் கோயிலை விடாதீர்கள். 1070-இல் கன்பூசியஸுக்காக எழுப்பப்பட்டு, 1076 முதல் அரசுக் கல்விக்கூடமாகவும் விளங்கிய வளாகம் இது. ஆமைகளின் முதுகில் நிற்கும் 82 கல்வெட்டுகளில், 1442 முதல் 1779 வரை நடந்த உயர்தேர்வுகளில் வென்றவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்னின் உடல் வைக்கப்பட்டுள்ள நினைவகம் காலையில் மட்டுமே திறந்திருக்கும். திங்கள், வெள்ளிக் கிழமைகளில் உள்ளே செல்ல முடியாது. உங்கள் ஹனோய் நாள் அந்தக் கிழமைகளில் விழுகிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். முழங்காலையும் தோளையும் மறைக்கும் உடை அங்கே கட்டாயம்.

மதிய உணவையும் ஹனோயில் விட்டுத்தருவார்கள் என்றால், மீன் உண்பவர்களுக்கு நான் சொல்வது சா கா. மஞ்சள் தடவிய மீன் துண்டுகளை மேசையிலேயே வாணலியில் வைத்து, சதகுப்பை இலையும் வெங்காயத்தாளும் அள்ளிப் போட்டு வதக்கி, மெல்லிய அரிசி நூடுல்ஸோடும் வறுத்த வேர்க்கடலையோடும் தருவார்கள். பழைய நகரில் ஒரு தெருவே இந்த உணவின் பெயரால் வழங்குகிறது. இதனுடன் வைக்கப்படும் ஊதா நிற இறால் விழுதின் வாடை கடுமையானது. வேண்டாம் என்றால் மீன் சாறு தருவார்கள். ஹனோயின் இன்னொரு புகழ்பெற்ற உணவான புன் சா, கரியில் சுட்ட பன்றி இறைச்சி. 2016-இல் அன்றைய அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து உண்டது இதைத்தான். பன்றி இறைச்சி உண்பவர்கள் மதிய வேளையில் இதைத் தேடிப் போகலாம். முட்டை சேர்த்துக்கொள்ளும் அனைவருக்கும் ஏற்றது முட்டைக் காப்பி. 1946-இல் பால் தட்டுப்பாடு நிலவியபோது, மெட்ரோபோல் ஹோட்டலில் பணியாற்றிய ங்குயென் வான் ஜியாங் பாலுக்குப் பதிலாக முட்டை மஞ்சள் கருவை நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் ஊற்றினார். அவர் தொடங்கிய கடை இன்றும் பழைய நகரில் இருக்கிறது. முட்டை வாடை அடிக்குமோ என்று தயங்குபவர்கள் ஒரு கோப்பையை இருவராகப் பகிர்ந்து பார்க்கலாம்.

ஹா லாங் விரிகுடாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். சுமார் 1,600 சுண்ணாம்புக்கல் தீவுகளும் திட்டுகளும் நிறைந்த அந்தக் கடற்பரப்பு 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. படகில் தரும் உணவு கடலுணவு சார்ந்தது. சைவர்களின் எண்ணிக்கையைப் படகு நிறுவனத்துக்கு முந்தைய நாளே தெரிவித்திருக்கிறார்களா என்று வழிகாட்டியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் நடுக்கடலில் மாற்று ஏற்பாடு கிடையாது. சுங் சோட் குகையிலும் டிடோப் தீவிலும் படிகள் மிகுதி. முழங்கால் வலி உள்ளவர்கள் தீவின் கடற்கரையிலேயே தங்கிவிடலாம். இந்தத் தீவுக்குச் சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிடோவின் பெயரை, 1962-இல் அவருடன் அங்கு வந்த ஹோ சி மின் சூட்டினார். ஹனோயிலிருந்து இரண்டரை மணி நேரப் பேருந்துப் பயணத்தின் இடையே பட்டு, முத்து முதலியவை விற்கும் பெரிய கடையில் நிறுத்துவது வழக்கம். கழிவறைக்காக நிற்பது தேவைதான் என்றாலும், அங்கே கழியும் நேரத்துக்கு வரம்பு வைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

டா நாங்கில்தான் குழுச் சுற்றுலாத் திட்டங்கள் தவறான தேர்வைச் செய்கின்றன என்பது என் கருத்து. ஒரு முழு நாள் பா நா மலைக்குப் போய்விடுகிறது. கம்பி ஊர்தியும், 2018-இல் திறக்கப்பட்ட, இரு பெரும் கைகள் தாங்குவது போன்ற தங்கப் பாலமும் பார்க்க அழகானவைதான். குழந்தைகள் இருந்தால் போகலாம். ஆனால் அந்த நாளுக்காக மி சன் கோயில்களை விட்டுவிடுவது, சிவாலயங்களைத் தேடிச் செல்லும் பழக்கமுள்ள ஒரு குழுவுக்குப் பெரும் நட்டம். டா நாங்கிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், 4-ஆம் நூற்றாண்டு முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை சம்பா நாட்டு மன்னர்கள் கட்டியவற்றில் எஞ்சிய செங்கல் கோயில்கள் அங்கே நிற்கின்றன. முதல் கோயிலை எழுப்பிய பத்ரவர்மன், தன் பெயரை இறைவனின் பெயரோடு சேர்த்துப் பத்ரேசுவரன் என்று லிங்கத்துக்குச் சூட்டினான். சமற்கிருதக் கல்வெட்டுகள் ஏராளம்; சம்பா நாட்டு மக்களான சாம் இனத்தாரின் எழுத்தே பல்லவ எழுத்தின் மரபில் வளர்ந்தது. செங்கற்களுக்கிடையே சாந்து தெரியாதபடி எப்படிக் கட்டினார்கள் என்பதை அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இவற்றுள் மிக உயர்ந்த கோயில் தகர்ந்தது. குண்டு விழுந்த பள்ளங்களை இன்றும் காணலாம். இந்தியத் தொல்லியல் துறை அண்மை ஆண்டுகளில் இங்கே சீரமைப்புப் பணி செய்தது. அப்பணியின்போது 2020-இல் ஒரே மணற்கல்லால் ஆன சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. பள்ளத்தாக்கில் வெயில் கடுமையாதலால் காலை எட்டு மணிக்குள் உள்ளே இருக்கும்படி கிளம்புங்கள். மி சன் செல்லவே வழியில்லை என்றால், டா நாங் நகருக்குள்ளேயே உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்துக்காவது ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். நடராசர், பிள்ளையார், லிங்க பீடங்கள் என்று நாம் அறிந்த உருவங்கள் வேறொரு கையமைப்பில், வேறொரு முகவெட்டில் அங்கே இருக்கின்றன. நம் குழுவினர் பேச்சை நிறுத்தி நெடுநேரம் நின்று பார்க்கும் இடம் இதுவென்று நான் கண்டிருக்கிறேன்.

மி சன்னிலிருந்து ஹோய் ஆன் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காலையில் கோயில்கள், பிற்பகலில் ஓய்வு, மாலையிலும் இரவிலும் ஹோய் ஆன் என்று அமைத்தால் அதுவே இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த நாளாக இருக்கும். து போன் ஆற்றின் கரையில் 15-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை செழித்த வணிகத் துறைமுகம் அது. சீனரும் சப்பானியரும் பின்னர் ஐரோப்பியரும் வந்து தங்கி வாணிகம் செய்தார்கள். ஆற்று முகத்தில் வண்டல் படிந்து பெரிய கப்பல்கள் வர முடியாமல் போனதும், வாணிகம் டா நாங்குக்கு நகர்ந்தது. அந்த வீழ்ச்சியே ஹோய் ஆனைப் பழமை மாறாமல் காத்தது. புதிதாக இடித்துக் கட்டப் பணமோ தேவையோ இல்லாததால் மர வீடுகளும் சீன வணிகர் மன்றங்களும் அப்படியே நின்றன. கூரை வேய்ந்த சப்பானியப் பாலம், ஃபூஜியன் வணிகர் மன்றம், பழைய வணிகர் வீடு ஒன்று ஆகிய மூன்றையும் உள்ளே சென்று பாருங்கள். குழுவினர் பலர் விளக்குகளுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு படகில் ஏறிவிடுகிறார்கள், கட்டடங்களுக்குள் போவதில்லை.

இங்கே உண்ண வேண்டியது காவ் லாவ். தடித்த, சற்றே மெல்லுவதற்கு உறுதியான நூடுல்ஸ், மிகக் குறைந்த சாறு, கீரைகள், பொரித்த மொறுமொறு துண்டுகள், பன்றி இறைச்சித் துண்டுகள் ஆகியவை சேர்ந்தது. எதிரே கடலில் உள்ள சாம் தீவுகளின் மரச் சாம்பலில் வடித்த காரநீரும், ஊருக்குள் இருக்கும் பா லே என்ற பழைய கிணற்றின் நீரும் சேர்ந்தால்தான் இந்த நூடுல்ஸ் அமையும் என்பது ஊரார் கூற்று. சைவக் கடைகளில் இறைச்சிக்குப் பதிலாகச் சோயா கட்டியும் காளானும் இட்ட காவ் லாவ் கிடைக்கிறது. மஞ்சள் நிற நூடுல்ஸின் மீது வேர்க்கடலையும் அரிசி அப்பளமும் நொறுக்கிப் போட்டு உண்ணும் மி குவாங்கும் இந்தப் பகுதிக்கே உரியது. அதில் கோழி வகையைக் கேட்டு வாங்கலாம்.

தயங்குபவர்களை உள்ளூர் உணவின் பக்கம் கொண்டுவர ஒரே ஓர் உணவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பான் செயோவையே சொல்வேன். அரிசி மாவில் மஞ்சள்தூள் கலந்து, சூடான வாணலியில் ஊற்றி, உள்ளே பயறு முளையும் இறாலும் இறைச்சியும் வைத்து மடித்துத் தருவது. பார்வைக்கு நம் முறுகல் தோசையைப் போன்றே இருக்கும். ஆனால் அதை அப்படியே பிட்டுச் சாப்பிடுவதில்லை. ஒரு துண்டை அரிசித் தாளிலோ கீரை இலையிலோ வைத்து, புதினா முதலிய இலைகளைச் சேர்த்துச் சுருட்டி, தொட்டுச் சாற்றில் தோய்த்து உண்ண வேண்டும். நடுப்பகுதியில் உள்ளங்கையளவுதான் செய்வார்கள். தெற்கில் தேங்காய்ப்பால் சேர்த்துப் பெரிதாக ஊற்றுவார்கள். காளான் வைத்த சைவ வகையும் பரவலாக உண்டு. கையால் எடுத்து உண்ணும் உணவு என்பதால் வயதானவர்கள் குச்சிகளோடு போராட வேண்டியதும் இல்லை.

ஹோ சி மின் நகரில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் வியட்நாம் போரோடு தொடர்புடையவை. 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாமின் பீரங்கி வண்டிகள் வாயிலை உடைத்து நுழைந்த, தென் வியட்நாம் அதிபரின் மாளிகையாக இருந்த விடுதலை மாளிகை, போர் எச்சங்களின் அருங்காட்சியகம், நகருக்கு வடமேற்கே கெரில்லாப் போராளிகள் பதுங்கி வாழ்ந்த கூ சி சுரங்கங்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விளக்குபவை. அருங்காட்சியகத்தில் உள்ள வேதி ஆயுதப் பாதிப்புப் படங்களைச் சிறு குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாம். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீண்ட கூ சி சுரங்க அமைப்பைப் பார்த்து முடித்ததும், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வேர்க்கடலைப் பொடியோடும் உப்போடும் தருவார்கள். சுரங்கத்துக்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் அரிசி இல்லாத நாள்களில் உண்டது அதுவே. சைவர்களும் முதியவர்களும் தயக்கமின்றி உண்ணக்கூடிய இந்த எளிய உணவைச் சிலர் தொடாமலே எழுந்துவிடுவது எனக்கு வருத்தம் தரும். அந்த இடத்தின் கதையில் பாதி அந்தத் தட்டில் இருக்கிறது.

இந்த நகரில் நமக்கு உண்மையான தொடர்பும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பலர் அலுவலர்களாக இங்கே வந்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினார்கள். தமிழ் முசுலிம் வணிகர்கள் துணிக்கடை வைத்தார்கள். பென் தான் சந்தைக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள மாரியம்மன் கோயிலில் இன்று பெரும்பாலும் வியட்நாமியரும் சீனருமே ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறார்கள். நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும், தென்னிந்திய முசுலிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசலும் நகர மையத்திலேயே இருக்கின்றன. குழுவில் முசுலிம்கள் இருந்தால் பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் உணவகங்கள் கிடைக்கும். பேருந்துத் திட்டத்தில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. வழிகாட்டியிடம் கேட்டால் மாலையில் நடந்தே போய்வரலாம்.

இனிச் சைவர்களின் கேள்விக்கு வருகிறேன். உண்மையில் வியட்நாம் சைவர்களுக்குக் கடினமான நாடு அன்று. கேட்கும் முறை தெரிய வேண்டும். பௌத்த மரபில் சைவ உணவைச் ‘சாய்’ என்கிறார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் உண்பார்கள். அன்று சைவக் கடைகளில் கூட்டம் நிரம்பி வழியும். வெறுமனே ‘காய்கறி மட்டும்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் போதாது. இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு, அதே எலும்புச் சாற்றில் காய்கறியைப் போட்டுத் தருவார்கள்; அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் இறைச்சி நீங்கினால் போதும் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அதற்கும் மேலாக, நெத்திலியையும் உப்பையும் நொதிக்கவைத்து எடுக்கும் நுவக் மாம் என்ற மீன் சாறு பொரியல், கூட்டு, தொட்டுச்சாறு என எல்லாவற்றிலும் உப்புக்குப் பதிலாகச் சேர்கிறது. பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை எந்தக் கடையிலும் கிடைக்கும் அருமையான உணவு. ஆனால் அதிலும் மீன் சாறோ சிப்பிச் சாந்தோ இருக்கக்கூடும். ‘இறைச்சி, மீன், இறால், எலும்புச் சாறு, மீன் சாறு எதுவும் வேண்டாம், சோயா சாறும் உப்பும் சேர்க்கலாம்’ என்று வழிகாட்டியிடம் வியட்நாமிய மொழியில் எழுதி வாங்கிக் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். சைவர் ஒவ்வொருவரிடமும் அந்தப் படம் இருக்கட்டும்.

சாய் உணவகங்களுக்கே போய்விட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் நீங்கிவிடும். மூன்று நகரங்களிலும் அவை நிறைய இருக்கின்றன. டா நாங்குக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள பழைய தலைநகரான ஹுவே, மடங்கள் மிகுந்த ஊராதலால், சைவச் சமையலுக்குத் தனிப் பெயர் பெற்றது. திட்டத்தில் அதைச் சேர்க்க முடிந்தால் சைவர்களுக்கு நல்ல விருந்து. கடும் நோன்பு காக்கும் பௌத்தர்கள் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை என்பதால், அவற்றைத் தவிர்ப்பவர்களுக்கும் அங்கே கேட்டு வாங்க வழி உண்டு. மீன், பன்றி இறைச்சி என்று பெயரிட்ட பண்டங்கள் பட்டியலில் இருந்தால் திகைக்க வேண்டாம். சோயாவாலும் காளானாலும் அந்த வடிவில் செய்தவை அவை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள்தாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனெனில் சைவ உணவிலும் அசைவ உணவிலும் அது தூவப்படுகிறது.

வயிற்றைக் காக்கும் விதிகள் சில. ஒரே ஓர் உணவை மட்டும் சமைக்கும் கடை, உள்ளூர் மக்கள் நிறைந்த கடை, கண்முன் கொதிக்கும் அண்டா ஆகிய மூன்றும் இருந்தால் பிளாஸ்டிக் முக்காலியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. நடுவில் துளையுள்ள உருளை வடிவப் பனிக்கட்டி தொழிற்சாலையில் செய்தது. உடைத்த கட்டியாக இருந்தால் தவிர்க்கலாம். பச்சை இலைகள் இந்நாட்டு உணவின் உயிர் என்றாலும், வயிறு மென்மையானவர்கள் முதல் இரண்டு நாள் அவற்றைக் கொதிக்கும் சாற்றில் அமிழ்த்தி உண்பது நல்லது.

பணத்தாளில் ஒரு கவனம் தேவை. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். ஒரு கிண்ணம் ஃபோ பெரும்பாலும் 50,000 முதல் 70,000 டாங். எல்லாத் தாள்களிலும் ஹோ சி மின்னின் முகமே இருப்பதாலும், 20,000 தாளும் 500,000 தாளும் நீல வண்ணத்திலேயே இருப்பதாலும் பயணிகள் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். பின்பக்கப் படத்தைப் பார்த்துப் பழகுங்கள்: 20,000-இல் ஹோய் ஆனின் சப்பானியப் பாலம், 100,000-இல் இலக்கியக் கோயிலின் வாயில் மண்டபம், 200,000-இல் ஹா லாங் விரிகுடா. 500,000-இல் ஹோ சி மின் சிறுவயதில் வாழ்ந்த ஓலை வீடு இருக்கும். அதைத் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது பேராகத் தெருக்கடைக்குப் போகாதீர்கள். இடமும் இராது, கடைக்காரருக்கும் திணறல். நான்கைந்து பேராகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவிலும் முகவரியைக் கைபேசியில் காட்டத் தெரிந்த ஒருவரைச் சேருங்கள். சாலையைக் கடக்கும்போது ஓடவோ திடீரென நிற்கவோ கூடாது. ஒரே சீராக மெல்ல நடந்தால் இருசக்கர வண்டிகள் விலகிச் செல்லும். முதியவர்களை நடுவில் விட்டுக் கைகோத்துக் கடக்கலாம்.

காலத்தையும் பார்த்துத் தேதி குறியுங்கள். நீண்ட நாடாதலால் ஒரே மாதத்தில் மூன்று பகுதிகளிலும் நல்ல வானிலை அமைவது அரிது. டா நாங், ஹோய் ஆன் பகுதிக்கு அக்டோபரும் நவம்பரும் பெருமழைக் காலம்; ஹோய் ஆன் தெருக்களில் ஆற்று நீர் புகுந்துவிடுவதும் உண்டு. சனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் புத்தாண்டின்போது சிறு கடைகள் பல நாள் மூடிக்கிடக்கும். உணவுக்காகப் போகிறவர்களுக்கு அது உகந்த நேரமன்று. மார்ச்சும் ஏப்ரல் முற்பகுதியும் மூன்று பகுதிகளுக்கும் ஓரளவு ஒத்துவரும்.

ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவையே: ஹனோயில் ஒரு காலை வேளையும், ஹோய் ஆனில் ஓர் இரவு வேளையும், ஹோ சி மின் நகரில் ஓர் இரவு வேளையும் குழுவின் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும், அந்த வேளைகளுக்கான தொகையைக் கட்டணத்திலிருந்து கழிக்க வேண்டும், அல்லது அதே தொகையில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உணவு நடை அழைத்துச் செல்ல வேண்டும், விருப்பமில்லாத முதியவர்களுக்கு அன்றும் இந்திய உணவு தொடர வேண்டும், பா நா மலை நாளில் மி சன் செல்ல விரும்புவோருக்குத் தனிச் சிற்றுந்து எவ்வளவு ஆகும் என்று சொல்ல வேண்டும். இதற்குத் தெளிவான பதில் தருபவரிடம் முன்பணத்தைக் கட்டுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்பினால், வேறு இருவரிடம் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.